சிவப்பு விளக்கு பொய் சொல்லுமா?

பெங்களூரில் அல்சூர் பக்கம் எங்கள் தெரு இருக்கிறது. பூ கட்டி விற்பவர்கள் இங்கே பலர். அவர்களுக்கு மார்க்கெட்டிலிருந்து பூ கொண்டு வருபவர் ஒருவர். எல்லோரும் அவரை வேன் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

வேன் மாமா எங்கள் இரவு வகுப்பில் படித்தவர். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அந்த வகுப்பில் தொண்டராக இருக்கிறேன். மாமா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு எண்களையும் எழுதக் கற்றுக்கொண்டார். இப்போது வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். என்றைக்கு ஆயில் மாற்றினார், அன்று மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு செலவு என்று அதில் எழுதி வைக்கிறார்.

அந்த நோட்டும் ஒரு சிவப்பு விளக்கும் சொல்லும் பாடம்தான் இது.

விடியற்காலையில் எரிந்த விளக்கு

ஒரு நாள் விடியற்காலை 5 மணி. மாமா கே.ஆர். மார்க்கெட்டில் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கார்ப்பரேஷன் சர்க்கிள் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குடுவை போன்ற படம். குடுவையின் மூக்கில் ஒரு சொட்டு.

மாமா உடனே வண்டியை ஓரம் கட்டினார். என்ஜினை நிறுத்தினார்.

பின்னால் வந்த ஒரு கார் நின்றது. அதை ஓட்டியவரும் எங்கள் தெருக்காரர்தான். வாடகைக் கார் ஓட்டும் தம்பி.

"என்ன மாமா, வண்டி நின்னுடுச்சா?"

"நிக்கல தம்பி, நான்தான் நிறுத்தினேன். ஆயில் விளக்கு எரியுது."

"இவ்வளவுதானா? அது சென்சார் கோளாறு மாமா. எல்லா பழைய வண்டியிலயும் வர்றதுதான். ஒயரைப் புடுங்கி விட்டுட்டுப் போங்க. பூ வாடிடப் போகுது."

மாமா யோசித்தார். 6 மணிக்குள் பூ போய்ச் சேர வேண்டும். நேரம் தவறினால் அன்றைய வியாபாரம் போய்விடும். ஆனாலும் அவர் ஒயரைத் தொடவில்லை.

செல்போன் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் பார்த்தார். தரையில் ஆயில் சொட்டவில்லை. பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். துணியால் துடைத்தார். மறுபடி முழுவதும் உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். கம்பியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. அதாவது ஆயில் குறையவில்லை.

"ஆயில் இருக்குல்ல மாமா? அப்புறம் என்ன பயம்?" என்றார் தம்பி.

"ஆயில் இருக்கு. ஆனா அது என்ஜினுக்குள்ள போய்ச் சேருதான்னு எனக்குத் தெரியாதே" என்றார் மாமா.

ஓர் ஆட்டோவைப் பிடித்து மூட்டைகளை ஏற்றி அனுப்பினார். ஆட்டோ வாடகை 300 ரூபாய். விடிந்த பிறகு தெரிந்தவர் ஒருவர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பாய் ஒர்க் ஷாப்பில் கொண்டு போய் விட்டார்கள்.

மாமா ஏன் பயந்தார்?

பல வருடங்களுக்கு முன்பு மாமா வேறொரு முதலாளியிடம் சம்பளத்துக்கு வேன் ஓட்டினார். அந்த வேனில் இதே விளக்கு அடிக்கடி எரிந்தது. அப்போது ஒரு மெக்கானிக் அந்த ஒயரை வெட்டி விட்டார். விளக்கு அணைந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

சில மாதங்கள் கழித்து ஓசூர் ரோட்டில் போகும்போது ஆயில் கசிந்தது. மாமாவுக்குத் தெரியவில்லை. தெரிவிக்க வேண்டிய விளக்கின் வாயைத்தான் அடைத்துவிட்டார்களே! என்ஜின் கடகடவென்று சத்தம் போட்டது. பிறகு இறுகி நின்றுவிட்டது. ஓட்டுநர்கள் இதை என்ஜின் ஜாம் ஆகிவிட்டது என்பார்கள்.

முதலாளி மாமாவைத்தான் குற்றம் சொன்னார். இரண்டு மாதச் சம்பளம் போனது. வேலையும் போனது.

இப்போது ஓட்டுவது மாமாவின் சொந்த வேன். அதற்கு இன்னும் மாதத் தவணை கட்டுகிறார்.

ஆயில் என்ன வேலை செய்கிறது?

என்ஜினுக்குள் இரும்புப் பாகங்கள் மிக வேகமாகச் சுற்றுகின்றன. சும்மா நிற்கும் வண்டியிலேயே என்ஜின் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றும். வேகமாகப் போகும்போது 3000 முறை, 4000 முறை சுற்றும்.

இரும்போடு இரும்பு உரசினால் சூடேறும், தேயும், ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆகாமல் இருக்க நடுவில் ஆயில் நிற்க வேண்டும். அது மெல்லிய படலம்தான். அந்தப் படலத்தின் மேல்தான் எல்லாம் மிதந்து சுற்றுகிறது.

என்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அதை சம்ப் என்பார்கள். அதில்தான் ஆயில் நிற்கும். அங்கே ஒரு சல்லடை உண்டு. ஆயில் பம்ப் அந்தச் சல்லடை வழியாக ஆயிலை உறிஞ்சும். ஃபில்டர் வழியாகத் தள்ளும். ஆயில் சிறு துளைகளின் வழியே எல்லாப் பாகங்களுக்கும் போகும். பிறகு வடிந்து மறுபடியும் சம்ப்புக்கு வரும்.

நம் உடம்பில் ரத்தம் ஓடுவது போலத்தான் இது. ரத்தம் இருந்தால் மட்டும் போதாது, அது அழுத்தத்தோடு ஓட வேண்டும். ஆயிலும் அப்படித்தான். ஆயிலின் அளவு வேறு, ஆயிலின் அழுத்தம் வேறு. கம்பி அளவைச் சொல்லும். சிவப்பு விளக்கு அழுத்தத்தைச் சொல்லும்.

மாமா தம்பியிடம் சொன்னதன் பொருள் இதுதான்.

விளக்கை எரிய வைப்பது எது?

பாய் ஒரு பழைய சுவிட்சை அரத்தால் அறுத்து வைத்திருந்தார். பையன்களுக்கு வேலை கற்றுக் கொடுக்க அதைக் காட்டுவார். எங்களுக்கும் காட்டினார்.

"இதுதான் ஆயில் பிரஷர் சுவிட்சு. சில பேர் சென்சார்னு சொல்லுவாங்க. கட்டை விரல் அளவுதான் இருக்கும். என்ஜின்ல திருகி வெச்சிருக்கும். பல வண்டியில ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்துல இருக்கும்."

அதற்குள் ஒரு மெல்லிய தகடு இருந்தது. ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இரண்டு முனைகளும் இருந்தன.

என்ஜின் நின்றிருக்கும்போது அழுத்தம் இல்லை. ஸ்பிரிங் தள்ளுவதால் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் போகிறது. விளக்கு எரிகிறது.

என்ஜின் ஓடும்போது ஆயில் தகட்டைத் தள்ளுகிறது. முனைகள் விலகுகின்றன. மின்சாரம் நிற்கிறது. விளக்கு அணைகிறது.

ஆகவே, சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைய வேண்டும். இரண்டும் நடந்தால்தான் விளக்கு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லையா? அதுவும் கோளாறுதான். பல்பு போயிருக்கலாம். ஒயர் அறுந்திருக்கலாம். சுவிட்சு கெட்டிருக்கலாம். இது அதிக ஆபத்து. ஏனென்றால் உண்மையிலேயே அழுத்தம் குறைந்தாலும் நமக்குத் தெரியாது.

பாய் கேட்ட கேள்விகள்

பாய் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"விளக்கு எப்போ எரிஞ்சது? ஸ்டார்ட் பண்ணினதுமா, ஓடும்போதா?"

"ஓடும்போது பாய்."

"ஆக்சிலேட்டர் கொடுத்தா அணைஞ்சுதா?"

"இல்ல பாய். அப்படியே எரிஞ்சது."

"என்ஜின்ல சத்தம் மாறிச்சா?"

"மாறல."

"ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க?"

மாமா நோட்டை நீட்டினார். தேதியும் கிலோமீட்டரும் இருந்தன. ஆயில் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பாய் சிரித்தார். "இதை எழுதி வெச்சிருக்கீங்களே, பாதி வேலை முடிஞ்சுது" என்றார்.

பாய் செய்த சோதனைகள்

முதல் சோதனை, கண்ணால் பார்ப்பது. பாய் சுவிட்சின் மேல் இருந்த ஒயர் முனையைக் கழற்றினார். அதற்குள் ஆயில் ஊறியிருந்தது. அங்கே ஆயில் வரவே கூடாது. "உள்ளே இருக்கிற தகடு கிழிஞ்சிருக்கணும். சுவிட்சு மேலதான் சந்தேகம். ஆனா சந்தேகம்தான், தீர்ப்பு இல்ல" என்றார்.

இரண்டாவது சோதனை, ஒயர். என்ஜின் ஓடவில்லை, சாவி மட்டும் திருப்பியிருந்தது. ஒயர் சுவிட்சில் இருந்தபோது விளக்கு எரிந்தது. ஒயரைக் கழற்றியதும் அணைந்தது. ஆகவே ஒயர் நன்றாக இருந்தது. கழற்றிய பிறகும் விளக்கு எரிந்தால், ஒயர் தேய்ந்து எங்கோ வண்டியின் இரும்பில் படுகிறது என்று பொருள்.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. அது அழுத்தத்தை அளப்பது. என்ஜின் ஆறியிருந்தது. பாய் 24 எண் போட்ட நீளமான சாக்கெட்டால் சுவிட்சைக் கழற்றினார். கொஞ்சம் ஆயில் வடிந்தது. அதே துளையில் ஒரு பிரஷர் மீட்டரின் குழாயைத் திருகினார். மீட்டர் கடிகாரம் போல வட்டமாக இருந்தது. அதில் இரண்டு வரிசை எண்கள். ஒன்று கிலோ கணக்கு, இன்னொன்று பவுண்டு கணக்கு. 1 கிலோ அழுத்தம் என்பது சுமார் 14 பவுண்டு.

"நீங்களே படிங்க" என்றார் பாய்.

என்ஜின் ஓடியது. மாமா முள்ளைப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"நாலு."

"இது ஆறின என்ஜின். ஆயில் கெட்டியா இருக்கும். அதனால அழுத்தம் அதிகம். சூடாகட்டும்."

கால் மணி நேரம் ஓடியது. சூடானதும் ஆயில் இளகியது. முள் மெல்ல இறங்கியது.

"ஒண்ணு... ஒண்ணுக்கு மேல ரெண்டு சின்னக் கோடு."

"அப்போ 1.2 கிலோ. இப்போ ஆக்சிலேட்டர் கொடுக்கிறேன்."

முள் ஏறியது. "மூணு!" என்றார் மாமா.

வண்டிக் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துச் சொன்னேன். அதில் போட்டிருந்த எல்லைக்குள்தான் அழுத்தம் இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் இந்த எல்லை வேறுபடும். அதனால் அந்தந்த வண்டியின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

"இப்போ தீர்ப்பு சொல்லலாம். என்ஜின் நல்லா இருக்கு. சுவிட்சுதான் பொய் சொல்லுது" என்றார் பாய்.

புதிய சுவிட்சை மாட்டிய விதம்

மாமா ஜே.சி. ரோட்டுக்குப் போனார். அங்கே உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய சுவிட்சைக் கையோடு கொண்டு போனார். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து மரையை ஒப்பிட்டார். பெட்டியில் போட்டிருந்த எண்ணையும் சரி பார்த்தார். விலை 320 ரூபாய். பில் கேட்டு வாங்கினார்.

பாய் துளையைச் சுற்றித் துணியால் துடைத்தார். சுவிட்சை முதலில் கையால் திருகினார். மரை நேராக ஏறியது. பிறகு சாக்கெட்டால் அளவாக இறுக்கினார்.

"ரொம்ப இறுக்கினா மரை போயிடும். சுவிட்சு உடைஞ்சிடும். அப்புறம் பெரிய செலவு" என்றார்.

மரையில் வெள்ளை டேப் சுற்ற வேண்டாமா என்று நான் கேட்டேன்.

"இந்த சுவிட்சுல கம்பெனியிலயே மருந்து தடவி வருது. டேப் தேவையில்ல. டேப்பை நிறைய சுத்தினா ரெண்டு தொல்லை. துண்டு உதிர்ந்து ஆயில் துளையை அடைக்கும். இன்னொண்ணு, இந்த மாதிரி ஒத்தை ஒயர் சுவிட்சுக்கு மரை வழியாத்தான் எர்த் கிடைக்குது. டேப் அதைத் தடுத்துடும்."

ஒயரை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. என்ஜின் ஓடியதும் அணைந்தது. பத்து நிமிடம் ஓட விட்டு, சுவிட்சைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. என்ஜினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து ஆயில் கம்பியையும் பார்த்தார். சரியாக இருந்தது.

பாய் கூலி 250 ரூபாய். மாமா நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார்.

மாலையில் தம்பி வந்தார். "பார்த்தீங்களா மாமா, நான் சொன்னதுதான். வெறும் சென்சார். அதுக்கு ஆட்டோ, கயிறு, ஒரு நாள் வேலை. எல்லாம் வீண்."

மாமா ஒன்றும் பேசவில்லை.

அதே விளக்கு, வேறு காரணம்

மூன்று வாரம் ஆயிற்று. தம்பியின் காரிலும் அதே விளக்கு எரியத் தொடங்கியது. அவரே ஒரு சுவிட்சு வாங்கி மாட்டினார். இரண்டு நாள் கழித்து விளக்கு மறுபடியும் எரிந்தது.

"புது சுவிட்சும் கெட்டுப் போச்சு மாமா. கடைக்காரர் ஏமாத்திட்டார். பேசாம ஒயரைப் புடுங்கிடப் போறேன்."

"எப்போ எரியுது தம்பி?" மாமா பாயைப் போலக் கேட்டார்.

"சிக்னல்ல நிக்கும்போதுதான். அதுவும் வண்டி நல்லா சூடானப்புறம். ஆக்சிலேட்டர் கொடுத்தா அணைஞ்சிடும்."

"ஆயில் எப்போ மாத்தினே?"

தம்பி யோசித்தார். போன வருடமா, அதற்கு முந்தின வருடமா? நினைவில்லை. எழுதியும் வைக்கவில்லை.

"தம்பி, ஒயரைப் புடுங்குறதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. அதை எப்போ வேணும்னாலும் செய்யலாம். முதல்ல அளந்து பாரு. இனி ஓட்டாதே. பாயைக் கூப்பிடுவோம்."

தம்பிக்கு மனமில்லை. காருக்கு அவரும் தவணை கட்டுகிறார். ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போகும். ஆனாலும் மாமாவின் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தார்.

பாய் மீட்டரோடு வந்தார். என்ஜின் ஆறியிருந்தபோது முள் மூன்றில் நின்றது. தம்பி சிரித்தார். சூடாக ஆக முள் இறங்கியது. இரண்டு, ஒன்று, அரை. கடைசியில் 0.2 கிலோவில் நின்றது. பாய் சட்டென்று என்ஜினை நிறுத்தினார்.

யாரும் பேசவில்லை.

"விளக்கு பொய் சொல்லல தம்பி. உண்மையைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு" என்றார் பாய்.

மறுநாள் சம்ப்பைக் கழற்றினார்கள். பழைய ஆயில் கறுத்துக் களி போல இருந்தது. அந்தக் கசடு சல்லடையைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறியிருக்கிறது. பேரிங்குகளில் கோடு விழ ஆரம்பித்திருந்தது.

பாய் சல்லடையைச் சுத்தம் செய்தார். பேரிங்குகளை மாற்றினார். புது ஃபில்டரும் புது ஆயிலும் போட்டார். மறுபடி மீட்டர் வைத்து அளந்தார். சூடான பிறகும் 1 கிலோவுக்கு மேல் நின்றது. விளக்கு எரியவில்லை.

ஒரு வாரம் கார் ஓடவில்லை. தம்பிக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு. ஆனால் என்ஜின் பிழைத்தது. ஒயரைப் பிடுங்கியிருந்தால் என்ஜினே போயிருக்கும். சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போது நடுரோட்டில் இறுகி நின்றிருக்கும்.

கார் வெளியே வந்த அன்று தம்பி எங்கள் இரவு வகுப்புக்கு வந்தார். பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். "எனக்கும் ஒரு நோட்டு போட்டுக் கொடு அக்கா" என்றார். என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் அன்று அக்கா என்றார்.

புதிய கார்களில் எப்படி?

மாமாவின் வேனில் இருந்தது ஒற்றை ஒயர் சுவிட்சு. சில புதிய கார்களில் மூன்று ஒயர் உள்ள சென்சார் இருக்கிறது. அது அழுத்தத்தை அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்த ஒயர்களை இரும்பில் தொட வைத்துச் சோதிக்கக் கூடாது. கம்ப்யூட்டர் கெட்டுப் போகலாம். அதைச் சோதிக்கத் தனிக் கருவி உண்டு. அது உள்ள ஒர்க் ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் எந்தக் கார் ஆனாலும் ஓட்டுநருக்கு விதி ஒன்றுதான். சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்து. அளந்து பார்க்காமல் சென்சார் மேல் பழி போடாதே.

நினைவில் வைப்போம்

1. ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பாக ஓரம் கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். "வீடு பக்கம்தானே" என்று ஓட்டக் கூடாது.

2. சமமான தரையில் சில நிமிடம் பொறுத்து, ஆயில் கம்பியைப் பார்க்க வேண்டும். ஆயில் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால், கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்ற வேண்டும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

3. ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தும் விளக்கு அணையவில்லையா? உடனே நிறுத்தி, வண்டியை இழுத்துச் செல்ல வேண்டும்.

4. ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், சுவிட்சை மாற்றும் முன் மீட்டர் வைத்து அளக்கச் சொல்ல வேண்டும்.

5. ஒயரை வெட்டக் கூடாது. பல்பைக் கழற்றக் கூடாது.

6. ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா, என்ஜின் ஓடியதும் அணைகிறதா என்று பார்க்க வேண்டும்.

7. சூடான என்ஜினில் கை வைக்கக் கூடாது. ஓடும் என்ஜினில் ஃபேன், பெல்ட் பக்கம் சேலைத் தலைப்போ துண்டோ போகக் கூடாது.

8. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அது நீரையும் மண்ணையும் கெடுக்கும். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுக்க வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

மாமா ஒயரைப் பிடுங்காமல் ஆட்டோவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். கடைசியில் சுவிட்சுதான் கெட்டிருந்தது. அந்தப் பணம் வீண் செலவா? உங்கள் கருத்து என்ன?

தம்பியின் காரில் புது சுவிட்சு மாட்டிய பிறகும் விளக்கு ஏன் எரிந்தது?

எச்சரிக்கை செய்பவரின் வாயை அடைக்கும் பழக்கம் வண்டியில் மட்டுமா இருக்கிறது? வீட்டில், வேலை இடத்தில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கணக்குப் போடுவோம்

ஆட்டோ வாடகை 300 ரூபாய். சுவிட்சு 320 ரூபாய். கூலி 250 ரூபாய். மாமாவுக்கு மொத்தச் செலவு எவ்வளவு?

மீட்டரில் முள் 3 கிலோவில் நிற்கிறது. 1 கிலோ சுமார் 14 பவுண்டு என்றால், அது சுமார் எத்தனை பவுண்டு?

எழுதிப் பார்ப்போம்

உங்கள் வீட்டு வண்டிக்கோ, நீங்கள் ஓட்டும் வண்டிக்கோ ஒரு நோட்டு போடுங்கள். வண்டி இல்லையா? தையல் இயந்திரம், மாவு அரைக்கும் கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எதுவானாலும் சரி. நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் என்ன கோளாறு. மூன்றாவதில் என்ன செய்தோம். நான்காவதில் செலவு எவ்வளவு.

இன்றைக்கே முதல் வரியை எழுதுங்கள்.